எர்ணாவூரில் ஏழாவது தட்டு

விம்கோ நகரில் மெட்ரோ ரயிலை விட்டு வெளியே வந்தபோது காலை ஒன்பது மணி. சூரியனைக் கண் கூசாமல் பார்க்க முடிந்தது. பனி என்று நினைத்தேன். எங்கள் ஊர்ப் பனி முகத்தில் ஈரமாகப் படும். இது காய்ந்திருந்தது. முகத்தைத் துடைத்தேன். முந்தானையில் சாம்பல் நிறம் ஒட்டியது.

என் ஊர் இலங்கையில். ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். தங்கை யோகேஸ்வரி எனக்கும் சேர்த்துப் படித்தாள். அம்மா இறந்தபோது அவளுக்கு எட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. இப்போது அவள் சென்னையில் என்ஜினியரிங் ஆராய்ச்சி செய்கிறாள். காற்றில் எவ்வளவு தூசி இருக்கிறது என்று அளக்கிற வேலை.

தோட்டத்தில் வீடு கட்ட எங்களுக்கு ஒரு துண்டு நிலம் கொடுக்கிறார்கள். பத்திரம் இரண்டு பேர் பெயரில். யோகா என் கண் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆபீஸில் சொன்னார்கள். அதற்காக வந்தேன். "வா அக்கா" என்று போனில் எழுதியிருந்தாள்.

ஸ்டேஷனுக்கு அவள் வரவில்லை. என் போன் இந்த நாட்டில் வேலை செய்யவில்லை. வந்தது பர்வீன். போய்க் கூட்டி வா என்று யோகா போனில் எழுதியிருந்தாளாம். யோகாவோடு ஒரே வீட்டில் இருக்கிற பெண். தண்டையார்பேட்டைக்காரி. என்னைப் பார்த்ததும் பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"யோகா மூஞ்சியே தான்க்கா உங்களுக்கு. அவ ஃபீல்டுல கீறா. நான் இட்டுகினு போறேன், வாங்க."

ஃபீல்டு என்றால் வெளியில் போய் அளக்கிற இடமாம். சரி என்றேன்.

ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேர். பாதி தூரம் போனதும் கண்டெய்னர் லாரிகள் வழியை மறித்தன. ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க லாரிகள், வால் தெரியவில்லை. ஓட்டுகிற ஆட்கள் கீழே அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்றதில் ஆட்டோவின் கிளட்ச் ஒயர் அறுந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"சிலோன்லேர்ந்து பறந்து வந்தது ஒண்ணரை மணி நேரம். எர்ணாவூருக்கு ரெண்டு மணி நேரம். இன்னா பண்றது, எங்க ஊர் சிலோனை விட தூரம்மா."

மீதி தூரத்தை நடந்தோம்.

வீடு மாடியில். ஒரு ஹால், இரண்டு அறை. ஏழு பெண்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஏழு பேரும் என்ஜினியரிங், சயின்ஸ் மேல்படிப்பு. வேறு வேறு காலேஜ். எல்லாருக்கும் ஆராய்ச்சி இந்தப் பக்கத்திலேயே. ஒருத்திக்கு காட்டுப்பள்ளித் துறைமுகம், ஒருத்திக்கு மீன், ஒருத்திக்கு இரும்புத் துரு. பர்வீனுக்கு ரசாயனக் கழிவு.

சமையலறை அலமாரியில் ஏழு தட்டுகள் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஹால் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யோகாவின் எழுத்து. எனக்குத் தெரியும்.

'இந்த வீட்டில் எங்கே போனாய், ஏன் லேட், எப்போது முடிப்பாய் என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.'

அது எதற்கு என்றேன். வெளியே எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்கிறார்கள், வீட்டிலாவது வேண்டாம் என்று யோகாதான் எழுதி ஒட்டினாள் என்றாள் பர்வீன்.

மதியம் நெத்திலிக் குழம்பும் சோறும். எங்களுக்குக் கருவாடுதான் மலைக்கு ஏறி வரும். பச்சை மீன் எப்போதாவது. இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன். பிறகு தேத்தண்ணி கொடுத்தார்கள். அது தேயிலை இல்லை, கூட்டி அள்ளின தூள். பாலில் போட்டுக் கொதிக்க வைத்துச் சர்க்கரை கொட்டுகிறார்கள். குடித்தேன்.

சாயந்திரம் ஆறரைக்கு எல்லாரும் ஹாலில் உட்கார்ந்தார்கள். இவர்களுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஆள் சொல்வது என்கிறார்கள். ஒருத்தி ஏழு பேரையும் கூப்பிடுவாள். இருக்கிறவள் இருக்கேன் என்பாள். வெளியில் இருக்கிறவள் போனில் அதே சொல்லைப் பேசி அனுப்புவாள். விளக்கம் எதுவும் தேவையில்லை. லேபில் தனியாக வேலை செய்கிற பெண்ணுக்கு ஏதாவது ஆனால் யாருக்காவது தெரிய வேண்டும், அதற்காக.

எங்கள் தோட்டத்தில் விடிகாலையில் பிரட்டு உண்டு. வேலைக்கு வந்தவர்கள் களத்தில் நிற்க வேண்டும், கங்காணி பெயர் கூப்பிடுவார். அது மாதிரி என்று நினைத்தேன்.

பர்வீன் கூப்பிட்டாள். ஆறு பேர் இருக்கேன் என்றார்கள். யோகா என்றாள். மூன்று குரல் ஒரே நேரத்தில் "இருக்கா" என்றது. போனில் அவள் செய்தி வந்திருந்தது. பர்வீன் அதை லேசாகத் தட்டினாள். "இருக்கேன்" என்றது என் தங்கை குரல். பர்வீன் போனைக் கீழே வைத்துவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஏழு தட்டும் வைத்தார்கள். எனக்கு ஒரு வாழை இலைத் துண்டு. ஏழாவது தட்டில் யாரும் சாப்பிடவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அன்றைக்குக் கழுவுகிற முறை இருந்தவள் ஏழு தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

யோகா பாயில் என்னைப் படுக்கச் சொன்னார்கள். அவள் ராத்திரி லேட்டாக வந்து மற்ற அறையில் படுத்துக்கொள்வாளாம். தலையணையில் கை வைத்தேன். மாவு மாதிரி இருந்தது. விரலால் கோடு போட்டேன். கோடு நின்றது.

கவிதா என்ற கோயம்புத்தூர்ப் பெண் பக்கத்தில் படுத்திருந்தாள். "இங்க அப்படித்தானுங்க்கா. ஒரே நாள்ல அத்தனையும் படிஞ்சுரும்" என்றாள்.

தலையணையை உதறித் துடைத்துவிட்டுப் படுத்தேன்.

இரண்டாம் நாள் விழித்தபோது மற்ற அறையில் எட்டிப் பார்த்தேன். யோகா இல்லை. போய்விட்டாள் போல என்றார்கள். யார் பார்த்தது என்று கேட்க வாய் வந்தது. சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

தலையணையை மறுபடி துடைத்து அங்கேயே வைத்துவிட்டு ஜெனிட்டாவோடு கிளம்பினேன். தூத்துக்குடிப் பெண். மீன் செவுளில் என்ன படிந்திருக்கிறது என்று பார்க்கிறவள். காசிமேட்டில் போட்டுகள் இடிக்கிற மாதிரி நெருக்கமாக நின்றன. பெண்கள் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கத்தினார்கள். ஒரு அம்மா ஜெனிட்டாவுக்கு வேண்டிய மீனைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள்.

"வா டாக்டரு. உனுக்கு செத்த மீனுக்கு வைத்தியம் பாக்கறதே பொயப்பா போச்சி" என்றாள். ஜெனிட்டா சிரித்தாள்.

ராயபுரத்தில் ஒரு தள்ளுவண்டியில் அத்தோ வாங்கித் தந்தாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த சாப்பாடாம். நூடுல்ஸைக் கையால் பிசைந்து, புளித்தண்ணி, பொரித்த வெங்காயம் எல்லாம் போட்டுத் தருகிறார்கள். நன்றாக இருந்தது. நாங்களும் கடல் தாண்டிப் போனவர்கள்தான். நாங்கள் கொண்டுபோய்க் கொடுத்தது ஒன்றும் இல்லை, கொழுந்து பறித்ததுதான்.

சாப்பிடும்போது ஜெனிட்டா அந்த வீடு உண்டான கதையைச் சொன்னாள். பர்வீனுடைய பிரிவில் நாற்பது ஆண்கள், அவள் ஒருத்தி. சாப்பிட இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாள். ஒரு நாள் எதிர்க் கட்டிடத்துப் படிக்கட்டில் இன்னொரு பெண் டிபன் பாக்ஸோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அது யோகா. பர்வீன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்விட்டாள். பிறகு எந்தப் படிக்கட்டில் எந்தப் பெண் தனியாகச் சாப்பிடுகிறாள் என்று இரண்டு பேரும் தேடிப் போவார்களாம். மற்ற காலேஜ்களிலும் போய்த் தேடினார்களாம். அப்படி ஏழு பேர் ஆனார்கள். ஒருத்தி எழுதியதை ஒருத்தி படித்துத் திருத்துவாள். மெஷின் கெட்டால் எல்லாரும் போவார்கள்.

யோகா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா என்று கேட்டேன். அது கேட்கலாம் என்று நினைத்தேன்.

"நான் எழும்புறதுக்கு முன்னாடியே போயிருவாக்கா. கவிதாவுக்குத்தான் தெரியும். அவதான் தெனம் பாக்கா" என்றாள்.

திரும்பி வந்தபோது கொடியில் யோகாவின் துண்டு ஈரமாகத் தொங்கியது. நான் போன தீபாவளிக்கு வாங்கிக் கொடுத்து அனுப்பிய துண்டு. மனது கொஞ்சம் லேசானது. குளித்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

அறைக்குள் போனேன். தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். தூசி இருந்தது. ஒரு பகல் தூசி. விரலால் கோடு போட்டேன். கோடு தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. நேற்று இருந்த தூசி அப்படி இல்லை. ஒரு நாளில் எவ்வளவு படியும் என்று எனக்கு இப்போது தெரிந்துவிட்டது. நேற்று இருந்தது பத்து நாள், பதினைந்து நாள் தூசி.

ராத்திரியும் ஆள் சொன்னார்கள். யோகா என்றதும் இருக்கா என்றார்கள். அவள் குரலும் வந்தது. ஏழு தட்டும் வைத்தார்கள். நான் யோகா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். ஆறு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல பெண்கள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. பொய் சொல்கிற முகம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் கவிதா டீக்கடைக்குக் கிளம்பினாள். நானும் போனேன். யோகா காற்றை அளக்க ஒரு பெட்டி வைத்திருக்கிறாள். அதில் பிடிக்கிற தூசித் தாள்களை தினமும் காலையில் கவிதாதான் லேபுக்குக் கொண்டுபோகிறாள். அவற்றை யோகா டீக்கடையில் வைத்துவிட்டுப் போவாளாம்.

கடைச் சுவர் ஆணியில் காக்கி உறை தொங்கியது. கவிதா எடுத்துத் திறந்து காட்டினாள். மூன்று தாள்கள். வெள்ளைத் தாளாகத்தான் போடுவார்களாம். மூன்றும் சாம்பல் பூனை நிறத்தில் இருந்தன. மூலையில் நேற்றைய தேதி, மணி. யோகா எழுத்து.

யோகாவைக் கடைசியாக எப்போது இங்கே பார்த்தாய் என்று கேட்டேன். கவிதா நின்றாள். யோசித்தாள். "நான் வர்றப்ப உறை இருக்குமுங்க்கா. ஆளு போயிருப்பா" என்றாள்.

வீட்டுக்கு வந்தோம். ஆறு பேரும் இட்லி சாப்பிட உட்கார்ந்தார்கள். பர்வீனிடம் போனை வாங்கினேன். எனக்கு அதை இயக்கத் தெரியாது. யோகா பேசி அனுப்பியதை முழுக்கப் போடச் சொன்னேன்.

"இருக்கேன்." பிறகு ஒன்றும் இல்லை. கொஞ்சம் காற்று. ஒரு காக்கா இரண்டு தடவை கத்தியது. தூரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. ஊதி முடிவதற்குள் அறுந்தது.

முந்தின நாளுடையதைப் போடு என்றேன். இருக்கேன், காற்று, காக்கா இரண்டு தடவை, சங்கு, அறுந்தது.

அதற்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள். காக்கா இரண்டு தடவை.

பர்வீன் தானாகவே அடுத்ததைத் தட்டினாள். அடுத்ததையும். யாரும் இட்லியைத் தொடவில்லை.

தோட்டத்தில் ஒருத்திக்காக இன்னொருத்தி பதில் சொல்ல முடியாது. கங்காணி முகத்தைப் பார்ப்பார். நான் அதைச் சொல்லவில்லை. ஒன்றைத்தான் கேட்டேன்.

"கண்ணால யாரு பாத்தது?"

ஜெனிட்டா கவிதாவைப் பார்த்தாள். கவிதா பர்வீனைப் பார்த்தாள். துண்டைத் துவைத்தது யார் என்று கேட்டேன். முறைப்படி கொடியில் இருக்கிற எல்லாத் துண்டையும் ஒருத்தி துவைப்பாள், யாருடையது என்று பார்ப்பதில்லை என்றார்கள். பர்வீன் பொங்கலுக்கு முன்னால் பார்த்தேன் என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்குப் போயிருக்கிறார்கள். பர்வீன் வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்கு. பெட்டி ஓட வேண்டும் என்று யோகா மட்டும் இருந்திருக்கிறாள். திரும்பி வந்த பிறகு ஒவ்வொருத்தியும் அடுத்தவள் பார்த்திருப்பாள் என்று இருந்துவிட்டாள். கேட்பதில்லை என்பது அவர்கள் சட்டம்.

பதினேழு நாள்.

போன் போட்டார்கள். மணி அடித்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. பர்வீன் தட்டினாள். காக்கா இரண்டு தடவை கத்தியது.

பெட்டி வைத்திருக்கிற இடத்துக்கு ஆட்டோவில் ஏறினோம். ஏழு பேரும் நெருக்கி உட்கார்ந்தோம். எண்ணூர் தாண்டி ஆற்று ஓரமாகப் போனது வழி. ஆறு பாதி தூர்ந்திருந்தது. தண்ணீர் மேல் ஆடை மாதிரி சாம்பல். ஒரு ஆள் முழங்கால் அளவில் நின்று கையால் அடியில் தடவிக்கொண்டிருந்தார். இறால் தேடுகிறார் என்றாள் ஜெனிட்டா. தூரத்தில் ஒரு குழாய் உச்சியில் நெருப்பு எரிந்தது. பகலில் எரிகிற நெருப்புக்கு நிறம் இல்லை. காற்று மட்டும் நடுங்குகிற மாதிரி தெரிந்தது.

யோகாவின் பெட்டி இருக்கிற இடம், மூடிப்போன ஒரு ஆலையின் பழைய குடியிருப்பு. வரிசை வரிசையாக வீடுகள். தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கிற லயம் மாதிரியே. ஆனால் எங்கள் லயத்தில் ஒரு கதவு திறந்தால் பத்துத் தலை எட்டிப் பார்க்கும். இங்கே கதவுகளில் நம்பர் இருந்தது, சிலவற்றில் பெயர்ப் பலகையும் இருந்தது. ஆள் இல்லை. ஜன்னல் வழியே மரக்கிளைகள் வெளியே வந்திருந்தன. எல்லா வாசலும் சுத்தமாகக் கூட்டியிருந்தது. அதுதான் என்னவோ போல இருந்தது.

கூட்டுகிறவர் வாட்ச்மேன். கையில் துடைப்பத்தோடு வந்தார். காலையில் எல்லா வாசலும் கூட்டுவாராம், சாயந்திரத்துக்குள் மறுபடி சாம்பல் மூடிவிடுமாம். யாரும் இல்லாத வீட்டுக்கு ஏன் என்று ஜெனிட்டா கேட்டாள். கூட்டலைன்னா வாசல் எங்க கீதுன்னே தெரியாது என்றார்.

யோகா என்றேன். மேலே காட்டினார். கடைசி வரிசை, மொட்டை மாடி.

"பதினோரு நாளா அங்கயே தான் கீது. படுக்கறது, எயுந்துக்கறது எல்லாம். நான் தான் இட்லி வாங்கியாந்து குடுக்கறேன். அந்த கவரும் நான் தான் டீக்கடைல மாட்டறேன்." பர்வீனைப் பார்த்தார். "நீங்க எல்லாம் ஒரே வூடு தானேம்மா. தெரிஞ்சி தான் வுட்டுகினு கீறீங்கன்னு நென்ச்சேன்."

பர்வீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

படியேறினேன். மேலே இரும்புப் பெட்டி. அதற்குக் கூரை மாதிரி ஒரு மூடி. உள்ளே மோட்டார் ஒரே சீராக இரைந்தது. பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். மூக்கை மூடித் துணி. தலை முழுக்க நரை. புருவமும் நரை.

கண்ணைப் பார்த்த பிறகுதான் யோகா என்று தெரிந்தது.

அவள் என்னைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. நான் இல்லாத இடத்தில் என்னைப் பல தடவை பார்த்துப் பழகினவள் போலப் பார்த்தாள். "மூணு நிமிசம் அக்கா" என்றாள்.

நின்றோம். மூன்று நிமிடம் ஆனதும் எழுந்து மூடியைத் திறந்தாள். சாம்பல் நிறத் தாளை எடுத்தாள். வெள்ளைத் தாளை வைத்தாள். தேதி எழுதினாள். எழுத்து எப்போதும் போல நேராக இருந்தது. பிறகு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தட்டினேன். சாம்பல் கொட்டியது. கறுப்பு வந்தது. தட்டிக்கொண்டே இருந்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். போகியன்று இந்த ஊரில் பழைய சாமான், டயர் எல்லாம் கொளுத்துவார்கள். வருஷத்திலேயே காற்று மிகவும் கெட்டுப்போகிற நாள். அதை அளப்பதுதான் அவள் ஆராய்ச்சியில் முக்கியம். அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். வீட்டில் யாரும் இல்லை. நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. கரண்டு போய்ப் பெட்டியும் நின்றிருக்கிறது. காய்ச்சல் விட்டதும் முந்தின வருஷக் கணக்கைப் பார்த்து நான்கு நாளுக்கும் எண்களை எழுதிவிட்டாள். அவளுடைய பேராசிரியர் அதைக் கூட்டத்தில் எடுத்துக் காட்டி, இந்தப் பெண்ணின் வேலையைப் பாருங்கள் என்று பாராட்டினார். அன்றைக்கே ஒரு போர்வையைச் சுருட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். இனி பெட்டி நிற்கக் கூடாது என்று. நான் வந்தது தெரியும். முகத்தைக் காட்ட முடியவில்லை.

"நாலு நாள் பொய் அக்கா. மத்ததெல்லாம் நெசம். ஆனா எதை எடுத்தாலும் இப்ப பொய்யாத் தெரியுது."

அந்தக் குரலைப் பற்றிப் பர்வீன் கேட்டாள். முதல் நாள் பேசினதையே தினமும் அனுப்பினாளாம். புதிதாகச் சொல்ல வாய் வரவில்லையாம்.

பர்வீனுக்குக் கோபம். "எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

"நீங்க கேக்கலையே" என்றாள் யோகா. பிறகு, "கேக்கக் கூடாதுன்னு எழுதுனதே நாந்தான்" என்றாள்.

பெட்டி இரைந்தது. கீழே வாட்ச்மேன் கூட்டுகிற சத்தம் கேட்டது.

பர்வீன் உட்கார்ந்து ஒரு தாளில் கோடு போட்டாள். அளவு முடிய இன்னும் ஐந்து நாள் பெட்டி ஓட வேண்டும். இரண்டு இரண்டு பேராக முறை எழுதினாள். யோகா பெயரை எழுதவில்லை. என் பெயரைக் கேட்டாள். பரமேஸ்வரி என்றேன். கவிதா பெயருக்குப் பக்கத்தில் எழுதினாள்.

நான்காம் நாள் யோகா தூங்கினாள். ஒரு பகல், ஒரு ராத்திரி. ஜெனிட்டா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். இடையில் எழுந்தபோது பத்திரத்தைக் கொடுத்தேன். முழுக்கப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். தேதியை எழுதிவிட்டு நாள்காட்டியை எடுத்து இரண்டு தடவை சரிபார்த்தாள். மறுபடி படுத்தாள்.

மதியம் நானும் கவிதாவும் மாடிக்குப் போனோம். தாளை ஓரத்தில் மட்டும் பிடிக்க வேண்டும், அழுத்தக் கூடாது என்று காட்டினாள். கொழுந்து கிள்ளுகிற விரலுக்கு அது கஷ்டம் இல்லை. மோட்டார் நின்றுவிடுமோ என்று காது அங்கேயே இருந்தது. சூரியன் நின்ற இடத்தில் வெள்ளையாக நின்றது. நிழல் விழவில்லை. காலி வீடுகளில் எங்கேயோ ஒரு கதவு காற்றுக்குத் திறந்து மூடியது. ஒவ்வொரு தடவையும் யாரோ உள்ளே போகிற மாதிரி இருந்தது. பதினோரு நாள் இதைக் கேட்டுக்கொண்டு ஒருத்தி தனியாக உட்கார்ந்திருந்தாள். சங்கு ஊதியது. எந்த ஆலை, யாருக்கு ஊதுகிறது என்று கவிதாவுக்கும் தெரியவில்லை.

நான்கு மணிக்குத் தாளை மாற்றினேன். தேதியும் மணியும் எழுதினேன். என் எழுத்து பெரிதாக இருந்தது.

ஐந்தாம் நாள் யோகாவோடு அவள் காலேஜுக்குப் போனேன். நான்கு நாள் கணக்கு பொய் என்று பேராசிரியரிடம் சொல்லப் போகிறாள். சொன்னால் உதவித்தொகையை நிறுத்தலாம், ஊருக்கே அனுப்பலாம். பஸ்ஸில் அவள் கை என் கைக்குள் இருந்தது. போகாதே என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

அவள் உள்ளே போனாள். கதவு மூடியது. நான் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். போகிற வருகிற பையன்கள் என்னைக் கூட்டுகிற ஆள் என்று நினைத்தார்கள் போல. ஒருவன் ரூம் சாவி கேட்டான்.

அரை மணி ஆனது. ஜெனிட்டா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். மீன் வாடை. காசிமேட்டிலிருந்து நேராக வந்திருக்கிறாள். பிறகு பர்வீன் வந்தாள். இரும்புத் துரு பார்க்கிற பெண் வந்தாள். பெட்டிக்கு முறை இருந்த இரண்டு பேரைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள். பெஞ்சு போதவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்தார்கள்.

ஒரு மணி கழித்துக் கதவு திறந்தது. யோகா வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்னடி சொன்னாரு?" என்றாள் பர்வீன்.

அந்த நான்கு நாளையும் அடித்துவிடச் சொன்னாராம். கூட்டத்தில் காட்டினவர்களுக்கு அவரே கடிதம் எழுதுகிறாராம், யோகாவும் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஊருக்கு அனுப்பவில்லை. ஆனால் போகிக் காற்று இல்லாமல் ஆராய்ச்சி முடியாது. அடுத்த போகி வரை இருந்து மறுபடி அளக்க வேண்டும். இன்னும் ஒரு வருஷம்.

சித்திரையில் அவள் ஊருக்கு வருவாள், சேர்ந்து அஸ்திவாரம் போடலாம் என்று நினைத்திருந்தேன். அது இல்லை.

"எனக்குப் பொங்கலும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. நான் நிக்கேன்" என்றாள் ஜெனிட்டா. "எனக்கும் தான்" என்றாள் பர்வீன். "வாணியம்பாடில கல்யாணம் வெச்சா நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்." துரு பார்க்கிற பெண் அம்மாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். யோகா சிரிக்கவில்லை. ஆனால் பசிக்கிறது என்றாள்.

காலேஜ் வாசலில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிட்டோம். எங்கள் ரொட்டி அளவுக்குக் கனம் இல்லை. யோகா நான்கு சாப்பிட்டாள். எண்ணிக்கொண்டேன்.

மறுநாள் நான் ஊருக்குப் போக வேண்டும். எர்ணாவூர் போகிற பஸ் கூட்டமாக வந்தது. நிற்காமல் நகர்ந்துகொண்டே ஆட்களை ஏற்றியது. பர்வீன் ஏறிக் கை நீட்டினாள். ஜெனிட்டா ஏறினாள். மற்றவர்கள் ஏறினார்கள். கண்டக்டர் சீக்கிரம் ஏறும்மா என்று என்னைத் திட்டினார்.

யோகாவின் இரண்டு காலும் படியில் ஏறும் வரை நான் ஏறவில்லை.